யளனக பழகிய கை

போன ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். ஈரக்குடையை வாசலில் சாய்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சிடியையும் ஒரு பென்டிரைவையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, அப்பாவோட ரெண்டாவது புத்தகம் இதுலதான் இருக்கு. நாலு கடைல காட்டிட்டேன். யாராலயும் திறக்க முடியல."

சிடியின் உறைமேல் நீல மார்க்கரில் 'தாலாட்டு, ஒப்பாரி - 2ஆம் பாகம் - முழுசும்' என்று எழுதியிருந்தது. அது என் கையெழுத்து. 2002இல் எழுதியது. அதை அவள் அப்பாவிடம் கொடுத்தபோது நான் சொன்னதும் நினைவிருக்கிறது: "பேப்பர் போனாலும் போகுது சார், இது இருந்தா எப்ப வேணாலும் அடிச்சுக்கலாம்." அவர் தலையாட்டி, சிடியைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பேப்பர் வாங்கக் காசு சேரவில்லை. புத்தகம் அச்சேறாமலே அவர் போய்விட்டார். கையால் எழுதிய நோட்டுகளைக் கரையான் தின்றது. மிஞ்சியது நான் வாக்குக் கொடுத்த அந்த சிடிதான்.

மதுரையில் மேலமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடிப்படியின் கீழ் இருந்தது எங்கள் டிடிபி சென்டர். 1998இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு கணினி, ஒரு லேசர் பிரின்டர், பத்து நிமிஷம் தாங்கும் ஒரு யுபிஎஸ். கடையை நடத்தியவரை ஊரே அக்கா என்றுதான் கூப்பிட்டது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, எப்போதாவது ஒரு கவிதைப் புத்தகம். மேட்டரை அடித்து, புரூஃப் எடுத்து, கரெக்‌ஷன் போட்டு, பட்டர் ஷீட்டில் அச்சிட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போவார்கள்.

வருகிறவர்கள் பாதிப் பேர் ஃபிளாப்பியோடு வருவார்கள். 1.44 எம்பி கொள்ளும் அந்தச் சதுரத் தகட்டில் என்ன இருக்கிறது என்று கொண்டுவந்தவருக்கே தெரியாது. "எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அடிச்சது" என்பார்கள், அவ்வளவுதான். டாஸ் காலத்துப் பழக்கப்படி பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளி வைத்து வாலுக்கு மூன்று எழுத்து. அந்த வாலைப் பார்த்துத்தான் எந்த மென்பொருளில் செய்தது என்று சொல்ல வேண்டும். வால் இல்லாமலும் வரும், தப்பான வாலோடும் வரும்.

அக்கா வாலை நம்பமாட்டார். நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பார்ப்பார். "பேர் யார் வேணாலும் வைக்கலாம் பாப்பா, முதல் வரிய மாத்த முடியாது" என்பார். பி, கே என்ற இரண்டு எழுத்தில் தொடங்கினால் அது சுருக்கிக் கட்டிய சிப். 1989இல் பிகேசிப் மென்பொருளை எழுதிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. எம், இசட் என்றால் இயங்கும் நிரல், தொடவே கூடாது. ஆங்கில மேட்டரில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்து மட்டும் கெட்டுக் கிடந்தால் அது வேர்ட்ஸ்டார். சொல் முடிகிற இடத்தை அந்த மென்பொருள் கடைசி எழுத்திலேயே குறித்து வைப்பதால் அப்படி. ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியர் கொண்டுவந்த ஆய்வேட்டை அக்கா இந்த ஒரு அடையாளத்தை வைத்தே கண்டுபிடித்தார். அந்தப் பெரியவர் கண் கலங்கிவிட்டார், ஆறு வருஷ உழைப்பு அது.

யுனிக்ஸ் கணினிகளில் 1973இலிருந்தே 'ஃபைல்' என்றொரு கட்டளை உண்டு, அதுவும் பெயரை விட்டுவிட்டு உள்ளே பார்த்துத்தான் இது இன்ன வகை என்று சொல்லும் என்பதைப் பிற்பாடு படித்தேன். பத்தாவது வரை படித்த அக்கா அதே வழியை ஒரு சந்துக் கடையில் தானாகவே கண்டுபிடித்திருந்தார். அதை இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமைதான்.

அவர் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: தேதி, யாருடையது, ஃபைல் பெயர், எதில் செய்தது, எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, யார் அடித்தது. கூட்டம் நெரிகிற முகூர்த்த மாதத்தில்கூட அந்த வரியை எழுதாமல் ஃபிளாப்பியை வெளியே விடமாட்டார்.

2000ஆம் ஆண்டு மே மாதம் உலகம் முழுவதும் ஒரு மின்னஞ்சல் பரவியது. அதோடு வந்த கோப்புக்குக் காதல் கடிதம் என்று பெயர். வால் பார்த்தால் வெறும் எழுத்துக் கோப்பு மாதிரி இருக்கும். உண்மையான வால் அதற்குப் பின்னால் இருந்தது. விண்டோஸ் வாலை மறைத்துவைக்கும் என்பதால் திறந்தவர்களுக்கு அது தெரியவில்லை. எங்கள் கணினி ஒன்றிலும் அது நுழைந்து, அதிலிருந்த ஜேபெக் படங்களின் மேலெல்லாம் தன்னையே எழுதிக்கொண்டது. இரண்டு பத்திரிகைக்கு வாங்கி வைத்திருந்த மணமக்கள் படங்கள் அதில் போயின. அன்று ராத்திரியே அக்கா இரண்டு கணினியிலும் வால் தெரிகிற மாதிரி மாற்றிவைத்தார். இன்றுவரை எந்தக் கணினி வாங்கினாலும் நான் முதலில் செய்கிற வேலை அதுதான்.

வாத்தியார் வந்தது அதற்குப் பிறகு. கோடை விடுமுறைகளில் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பாட்டிகளிடம் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு எழுதியவர். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பாடியவர் பெயர், ஊர், பாடும்போது என்ன வேலையாக இருந்தார் என்றெல்லாம் குறித்திருப்பார். முதல் பாகம் எப்படியோ அச்சாகிவிட்டது. இரண்டாம் பாகத்தில் தாலாட்டுப் பகுதியை நான் அடித்தேன். நடுவில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்துவிட்டேன். ஒப்பாரிப் பகுதியை வேறு யாரோ முடித்திருந்தார்கள். நான் திரும்பி வந்து இரண்டையும் சிடியில் ஏற்றி, உறைமேல் 'முழுசும்' என்று எழுதினேன்.

இப்போது என் மேசையில் சிடி. இன்றைய மடிக்கணினியில் அதைப் போட வாயே கிடையாது. யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். சுற்றியது, முனகியது, நின்றது. தகட்டின் மேல்பூச்சு ஓரத்தில் உரிந்திருந்தது. நல்லவேளையாக அவள் அண்ணன் மகன் பல வருஷத்துக்கு முன்பே இதைப் பென்டிரைவில் நகல் எடுத்து வைத்திருந்தான். அதில் இரண்டு கோப்புகள். இரண்டுக்கும் 'டாக்' என்று வால். எங்கள் கடையில் வேர்டில் புத்தகம் செய்ததே இல்லை.

"இந்த வால் யார் வச்சது?"

"ஒரு கடைல மாத்திக் கொடுத்தாங்கக்கா. அப்பதான் திறக்கும்னாங்க. அப்பவும் திறக்கல."

பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. ஆனால் திறக்காத கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறவருக்கு அப்படி யாராவது ஏதாவது செய்துகொடுத்தாலே ஆறுதலாகத்தான் இருக்கும். நான் முதலில் இரண்டையும் இன்னோர் இடத்தில் நகலெடுத்து, மூலத்தை ஒதுக்கி வைத்தேன். அவள் போனில் தேடிப்பார்த்து, எந்தக் கோப்பையும் திறந்து தருவதாகச் சொல்லும் ஒரு செயலியைக் காட்டினாள். வேண்டாம் என்றேன். எதையும் திறப்பேன் என்று சொல்லி இலவசமாக உள்ளே வருகிற நிரல், நம் வீட்டில் வேறு எதைத் திறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் ஒரு சின்ன நிரலில் திறந்தேன். முதல் நான்கு பைட்டுகள்: டி0, சிஎஃப், 11, இ0. சேர்த்துப் படித்தால், எண்களை எழுத்தாகப் பாவித்தால், 'டாக்ஃபைல்' என்று வரும். பழைய வேர்டின் அடையாளம் அது. அவள் முகம் மலர்ந்தது. எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. அந்தத் தலைப்பு வேர்டுக்கு மட்டும் சொந்தமல்ல. உள்ளே பல அறைகள் வைத்த ஒரு பொதுப் பெட்டி அது. பழைய எக்செல், பவர்பாயின்ட் எல்லாமே அந்தப் பெட்டியைத்தான் பயன்படுத்தின. பெட்டிக்குள் எந்தச் சரக்கு என்று அறை அறையாகப் பார்க்க வேண்டும்.

கீழே போனேன். எண் எண்ணாக ஓடும் வரிசைக்கு வலப்பக்கத்தில், எழுத்தாகப் படிக்க முடிவது மட்டும் தெரியும். ஓரிடத்தில் பி, புள்ளி, ஏ, புள்ளி, ஜி, புள்ளி, இ, புள்ளி என்று ஓர் எழுத்து ஒரு புள்ளியாக வந்தது. அறைகளின் பெயரை ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் வைத்து எழுதுவதால் நடுவில் அந்தக் காலி இடம். விரலை வைத்துக் கூட்டிப் படித்தேன். பேஜ்மேக்கர்.

1985இல் மேக்கின்டாஷுக்காக ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்த மென்பொருள். எங்கள் மாதிரிச் சந்துக் கடைகளுக்கெல்லாம் சோறு போட்டது. 2001இல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பதிப்பு. எங்கள் கடையில் 6.5. அப்படியானால் வால் 'பி65' என்று இருந்திருக்க வேண்டும். அந்த வாலையே திரும்ப வைத்தேன். என் மடிக்கணினியில் பேஜ்மேக்கரை நிறுவ வழியில்லை. ஆனால் 2015 தொடக்கத்தில் வந்த 4.4 பதிப்பிலிருந்து லிப்ரெ ஆபீஸ் என்ற இலவச மென்பொருளுக்குப் பேஜ்மேக்கர் கோப்பைப் படிக்கத் தெரியும். காசு வாங்காமல் அந்த வேலையைச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தமிழ்த் தாலாட்டைப் பற்றித் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. அவர்கள் கைக்கு நூறு நமஸ்காரம்.

திறந்தது. பக்கங்கள் வந்தன. பக்க எண், ஓரம், நடுவில் இரண்டிரண்டு வரியாகப் பாட்டுகள், எல்லாம் நான் வைத்த இடத்தில். ஆனால் ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியும் கலந்து கிடந்தன.

"கெட்டுப்போச்சாக்கா?" என்றாள்.

கெடவில்லை. அன்றைக்கும் உள்ளே இதுதான் இருந்தது. நாங்கள் தமிழில் அடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துதான். 'தமிழ்' என்று அடித்தால் அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளைத்தான் சேமித்தது. அந்தக் குறிகளுக்குத் தமிழ் முகத்தை மாட்டிவிட்டது எழுத்துரு. எழுத்துரு மாறினால் முகமும் மாறிவிடும். ஆளுக்கொரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி வரிசை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் இதையெல்லாம் ஒழுங்குபடுத்த டாம், டாப் என்று இரண்டு தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு, எல்லா மொழிக்கும் பொதுவான குறி வரிசையான யூனிகோடில் தமிழ் வந்தது. 2010இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. எங்கள் சந்துக்கு இவற்றில் எதுவும் அப்போது வந்து சேரவில்லை. வாடிக்கையாளரின் பழைய மேட்டரெல்லாம் ஒரே எழுத்துருவில் இருக்கும்போது கடை மட்டும் எப்படி மாறும்? அந்த வருஷங்களில் சின்னச் சின்னக் கடைகளில் அடித்த எத்தனை ஊர் வரலாறு, எத்தனை மனிதர்களின் ஒரே புத்தகம், இப்படி ஆங்கில எழுத்தாக உறைந்து கிடக்கிறதோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அக்காவின் நீள நோட்டு இருந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. கடையை மூடிய நாளில் அது பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போய்விட்டது. எந்த எழுத்துருவில் அடித்தேன்? எனக்கே நினைவில்லை. எழுதியது நான், வாசிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்ததும் நான்.

அப்போது ஒரு சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. பெரிய எம், யூ, ஹெச், பெரிய என், யூ, ஹெச். பாட்டுக்குப் பாட்டு, முடிகிற இடத்தில் அதே ஆறு எழுத்து. தாலாட்டில் அப்படித் திரும்பத் திரும்ப வருவது என்ன? ஆராரோ. கையை விசைப்பலகையில் வைத்தேன். டைப்ரைட்டிங் வகுப்பின் முதல் நாளில் 'யளனக' என்று விரல்களுக்குப் பாடம் சொல்வார்கள். லோயர், ஹையர் எல்லாம் முடித்த கை. கண்ணை மூடிக்கொண்டு ஆராரோ என்று அடித்தேன். ஆ, ர, கால், இரட்டைக் கொம்பு, ர, கால். கண்ணைத் திறந்தால் திரையில் அதே ஆறு எழுத்து. தட்டச்சுப் பொறியின் வரிசையையே வைத்துக்கொண்ட பாமினி எழுத்துரு. வரிகள் பல கமாவில் தொடங்கியதற்கும் இப்போது காரணம் புரிந்தது. பாமினியில் இகரத்தின் இடம் கமா. மூளை மறந்ததை விரல் மறக்கவில்லை.

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் பல உண்டு. ஒட்டினேன், தமிழ் வந்தது. வாத்தியாரின் மகள் முதல் பாட்டை வாய்விட்டே படித்தாள். பாதியில் நின்றாள். "அக்கா, இது எங்க அப்பத்தா பேரு." பாட்டுக்குக் கீழே, பாடியவர் பெயரும், நாற்று முடிந்துகொண்டே பாடியது என்ற குறிப்பும்.

வந்த தமிழிலும் பிழை இருந்தது, பிழைக்குக் காரணம் நான். 'ஆசிரியர்' என்று தேடினேன், இல்லை என்றது. கண்ணெதிரே முன்னுரையில் அந்தச் சொல் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் 'ஆசிாியர்' என்று இருந்தது. ரகரத்துக்குப் பதில் கால், அதன்மேல் இகரக் கொக்கி. ரகரத்தின் விசை மேல் வரிசையில், காலின் விசை விரல் படுத்திருக்கும் நடு வரிசையில். காகிதத்தில் 'ரி' என்ற வடிவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் எங்களில் பலர் கிட்ட இருப்பதையே தட்டிவிட்டு ஓடினோம். அன்று பட்டர் ஷீட்டில் சரியாக இருந்தது இன்று தேடலுக்குக் கிடைக்காத சொல்லாகிவிட்டது. கண்ணுக்கு மட்டும் அடித்தோம். 112 பக்கத்தையும் ஓர் எழுத்து விடாமல் திருத்தினேன், இரண்டு வாரம் ஆனது. அது நான் செய்தே தீர வேண்டிய வேலை.

ஒப்பாரிக் கோப்பு அப்படி வழிவிடவில்லை. பெட்டி அதேதான், பேஜ்மேக்கர்தான், ஆனால் பாமினி இல்லை. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தன. எந்த மாற்றியில் போட்டாலும் பொருளில்லாத சத்தம்தான் வந்தது. திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, ஞாபகம் அப்படியே இருக்கிறது.

"வாத்தியார் மேட்டரா? தாலாட்டு நீ அடிச்ச. ஒப்பாரி அந்தப் புதுப் பையன். பாமினி அழகா இல்லக்கான்னு சொல்லி எங்கிருந்தோ ஒரு ஃபான்ட்டைக் கொண்டாந்து போட்டான். நோட்டுல எழுதியிருந்தேனே பாப்பா..."

அப்புறம் இரண்டு பேரும் சற்று நேரம் பேசவில்லை.

பையன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. எழுத்துரு கிடைக்கவில்லை. அதனால் வேறு வழியில் போகிறோம். வாத்தியாரின் மகளுக்குச் சின்ன வயதில் இழவு வீடுகளில் கேட்ட ஒப்பாரிகள் கொஞ்சம் நினைவிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறாள். அவள் மெல்லப் பாடப்பாட, திரையில் அதே அளவுள்ள வரியைத் தேடி, எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்த்து ஒரு அட்டவணையில் எழுதுகிறோம். கு, டி, மூ எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி வைத்த எழுத்துரு அது, அதனால் வேலை நீளம். 'அம்மா' முதல் நாளே கிடைத்துவிட்டது, ஒப்பாரியில் அதற்குப் பஞ்சமில்லை. இதுவரை 63 குறிகள். அட்டவணையின் தலைப்பில் ஃபைல் பெயர், பேஜ்மேக்கர் 6.5, அடித்தவர், கண்டுபிடித்த தேதி என்று அக்கா எழுதுகிற மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன். எழுத்துரு என்ற இடம் காலியாக இருக்கிறது.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு நீளமான பாட்டு. அவளுக்கு அதில் முதல் நாலு வரிதான் தெரியும். மீதி அவள் அத்தைக்குத் தெரியுமாம். எண்பது வயது, மேலூரிலிருந்து பஸ்ஸில் வர முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நாங்களே போகிறோம்.